தூசிச் சாவுக்குச் சான்று எழுதுவது யார்?

2023 அக்டோபர் 7. ஓசூரைத் தாண்டி கர்நாடக எல்லைக்குள் நுழைந்ததும் வரும் அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கடை பற்றி எரிந்தது. தீபாவளிக்கு முன் நாலு காசு பார்க்கலாம் என்று வேலைக்குப் போயிருந்த தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் வெளியே வர வழியின்றி உள்ளேயே இறந்துபோனார்கள். தருமபுரி மாவட்டம் அரூர் பக்கத்து அம்மாபேட்டை என்ற ஒரே ஊரிலிருந்து போனவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் என்று தமிழ்நாடு முதலமைச்சர் அறிவித்தார். கர்நாடக அரசு தலா 5 லட்சம் அறிவித்தது.

அந்தப் பணம் போன உயிருக்கு ஈடாகாதுதான். ஆனால் எந்த வேலை இவர்களைக் கொன்றது என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை. அறிவிப்புக்கு எக்ஸ்ரே தேவைப்படவில்லை, நிபுணர் குழு கூடவில்லை, இருபது ஆண்டுக்கு முந்தைய சம்பளச் சீட்டைக் கொண்டு வா என்று யாரும் கேட்கவில்லை.

வேலை கொல்லும் இன்னொரு விதம் இருக்கிறது. அதில் தீ இல்லை, சத்தம் இல்லை. கல் குவாரியிலும் கிரஷரிலும் கூரை வேலையிலும் பதினைந்து, இருபது, முப்பது ஆண்டுகள் தூசியை இழுத்த மனிதர் ஐம்பதைத் தாண்டும்போது மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிடுகிறார். இருமல் மருந்து, பிறகு ஊசி, பிறகு காசநோய் மாத்திரை, பிறகு ஆக்சிஜன் சிலிண்டர். ஒருநாள் போய்விடுகிறார். ‘மூச்சுத் திணறலால் இறந்தார்’ என்று காகிதத்தில் ஏறுகிறது. அந்தச் சாவு எந்த அரசாங்கக் கணக்கிலும் தொழில் சார்ந்த மரணம் ஆவதில்லை. அதற்கு இழப்பீடும் கிடையாது.

ஏன் கிடைப்பதில்லை என்று கேட்டால் சட்டத்தைக் கைகாட்டுவது வழக்கம். சட்டம் இருக்கிறது, அதுவும் நூறாண்டுப் பழசு. குறை வேறு இடத்தில் இருக்கிறது. நோயைக் கண்டு, பெயர் சொல்லி, காகிதத்தில் எழுத ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க அரசுக்கு மனம் வேண்டும். இழப்பீட்டுச் செலவும் மருத்துவப் பணியாளர் செலவும் பட்ஜெட்டில் வெவ்வேறு தலைப்பில் வரலாம். நோயாளியின் வீட்டுப் பக்கம் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே கணக்குதான்.

ஷீட்டுக் கூரையின் கீழே

தருமபுரியில் எந்தக் கிராமத்துக்குள் நுழைந்தாலும் சாம்பல் நிறத்தில் அலை அலையாக ஒரு கூரை கண்ணில் படும். ‘சிமெண்ட் ஷீட்’ என்றுதான் பேர். சிமெண்ட்டோடு கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் இழையைக் கலந்து அச்சடித்தது. மழைக்கு ஒழுகும் கீற்றுக் கூரையை மாற்ற நினைத்த ஏழைக் குடும்பத்துக்கு இதைவிட மலிவான வழி நெடுநாள் கிடைக்கவில்லை. துருப்பிடிக்காது, கரையான் அரிக்காது. சித்திரை வெயிலில் உள்ளே உட்கார முடியாது என்பது மட்டும்தான் வீட்டுக்காரருக்குத் தெரிந்த குறை.

கூரை போடும்போது அரை மணி நேரம் பக்கத்தில் நின்றால் மற்ற குறையும் தெரியும். ஷீட்டைச் சாரத்தின் மேல் ஏற்றி, மூலைகளைக் கட்டிங் மெஷினால் சீவுகிறார்கள். பிளேடு பட்டதும் வெள்ளைப் புகைபோல் தூள் எழும்பி, வெட்டுகிறவரின் புருவத்திலும் கைமயிரிலும் மாவு தூவியதுபோல் படிகிறது. பிறகு ஜே போல்ட் மாட்ட டிரில் மெஷினால் துளை. ஒவ்வொரு துளைக்கும் ஒரு சிட்டிகைத் தூள் கீழே நிற்கும் சித்தாளின் தலையில் விழும். முகத்துக்கு ஒரு துண்டு கட்டியிருப்பார், அதுவும் பாதி நேரம் கழுத்தில் கிடக்கும். ஆபத்தான இழையின் தடிமன் மூன்று மைக்ரானுக்கும் குறைவு. துண்டின் நெசவு அதற்கு விரியத் திறந்த வாசல். மாலையில் அந்தச் சட்டையை உதறித் துவைப்பது வீட்டுப் பெண். உடைந்த துண்டுகள் ஆட்டுப் பட்டிக்குத் தடுப்பாகவோ, சேற்றில் நடக்கக் கல்லாகவோ ஆகும்.

முழுசாகக் கூரையில் கிடக்கும் ஷீட் பெரிதாகத் தீங்கு செய்வதில்லை. அறுக்கும்போதும் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் பழசாகி உதிரும்போதும்தான் இழை காற்றில் கலக்கிறது. நுரையீரலின் அடிவரை போய்த் தைக்கும் இழையை உடம்பால் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. சுற்றிலும் தழும்பு கட்டி நுரையீரல் இறுகுவது ஆஸ்பெஸ்டாசிஸ். நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய் மீசோதீலியோமா. உழைத்த காலத்துக்கும் நோய் தெரியும் காலத்துக்கும் இடையே இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட ஓடிவிடும். எல்லா வகை கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தீர்ப்புச் சொல்லி வெகு காலமாயிற்று. வேலையிடத்தில் கல்நாரைச் சுவாசித்ததால் உலகில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாக அந்த நிறுவனம் மதிப்பிடுகிறது.

பிரிட்டன் 1999-லும் ஐரோப்பிய ஒன்றியம் 2005-லும் முழுத் தடை போட்டுவிட்டன. இந்தியாவில் கல்நாரைத் தோண்டுவதற்குப் புதிய குத்தகைகள் 1986 முதலே நிறுத்தப்பட்டன. ஆனால் ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து ஆண்டுக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல் இறக்குமதி ஆகிறது. நம் மண்ணில் தோண்டக் கூடாது, கப்பலில் வந்தால் கூரையில் ஏற்றலாம். இந்த வினோத நிலைப்பாட்டை எந்த அரசும் தெளிவாக விளக்கியதில்லை. தடை கேட்ட ஒரு மனுவை 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது.

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கல்நாரைவிட நெருங்கிய எமன் கல்தூசி. ‘பாரடைசோ’ என்ற பெயரில் வெளிநாட்டுத் தரைகளுக்குப் போகும் கிரானைட் இந்தப் பாறை நிலத்தில் வெட்டப்படுவது. ஜல்லியும் எம்-சாண்டும் அரைக்கும் கிரஷர்கள் சாலையோர வேப்பமரங்களை வெள்ளையாக்கி வைத்திருக்கின்றன. அந்தத் தூசியில் உள்ள சிலிகா கொண்டுவருவது சிலிகோசிஸ். கல்நாரும் சிலிகாவும் வேறு வேறு. ஆனால் இரண்டால் வரும் நோயும் ஒரே வரிசையில் நின்று, ஒரே மருத்துவரைப் பார்த்து, ஒரே மாதிரி தவறவிடப்படுகிறது.

காகிதத்தில் பணம் இருக்கிறது

1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தூசியால் வரும் நுரையீரல் நோய்கள் இருந்தன. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஆஸ்பெஸ்டாசிசையும் சிலிகோசிசையும் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களாக வைத்தது. நோயைக் கண்ட மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுதியாக வேண்டும், எழுதாவிட்டால் அபராதம் என்று 89-ஆம் பிரிவு சொன்னது. 2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது இந்த ஏற்பாடுகள் புதுச் சட்டைக்குள் இடம் மாறின. அறிவிக்கும் கடமை அப்படியே இருக்கிறது. ஊழியர்களுக்கு ஆண்டுக்கொரு இலவச உடல் பரிசோதனை என்ற வாக்குறுதியும் சேர்ந்திருக்கிறது.

தொகையும் அற்பம் அல்ல. மாத ஊதியத்தில் பாதியை வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்குவது இழப்பீட்டுக் கணக்கு. 2020-ல் நிர்ணயித்த 15,000 ரூபாய் ஊதிய உச்சவரம்பை வைத்துக்கொள்வோம். ஐம்பது வயதில் இறந்தவருக்கு அந்த எண் 153.09. பாதி ஊதியமான 7,500-ஐப் பெருக்கினால் 11,48,175 ரூபாய். பட்டாசு விபத்துக்குத் தமிழ்நாடு அறிவித்த நிவாரணத்தைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

இதை வாங்க மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும். இன்னாரிடம் வேலை பார்த்தேன், வந்திருப்பது இந்த நோய்தான், அது அந்த வேலையால்தான் வந்தது. குவாரியில் டன் கணக்கில் கூலி வாங்கியவரிடம் வேலைக்கு ஆதாரம் என்ன இருக்கும்? மேஸ்திரியின் பாக்கெட் நோட்டுதான் வருகைப் பதிவேடு. கோரிக்கை மனுவுக்கு இரண்டு ஆண்டு கால வரம்பு. தகுந்த காரணம் காட்டினால் மனுவை விசாரிக்கும் தொழிலாளர் துணை ஆணையர் தளர்த்தலாம். முப்பது ஆண்டு கழித்துத் தலைகாட்டும் நோய்கள் இருக்க, அந்த வரம்பை வகுத்தவர் எந்த நோயை மனதில் வைத்திருந்தாரோ!

இதோடு துறைச் சிக்கல் வேறு. கல் வெட்டும் இடம் சுரங்கம் என்பதால் மத்திய சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்துக்குச் சேர்ந்தது. அதே கல்லை அரைக்கும் கிரஷர் தொழிற்சாலை என்பதால் மாநிலத் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் பொறுப்பு. வீட்டுக்கு ஷீட் போடுகிறவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்து ஆள். ஒரே மனிதர் தன் வாழ்நாளில் மூன்றும் செய்திருப்பார், மூன்று துறைக்கும் அவர் அடுத்த துறையின் ஆள். நல வாரியத்தில் வேலையிட விபத்து மரணத்துக்கு லட்சங்களில் உதவி, இயற்கை மரணத்துக்கு ஆயிரங்களில். நுரையீரல் இறுகிச் சாகிறவர் சேருவது இயற்கை மரணப் பட்டியலில். எந்த இயற்கை கிரஷர் ஓட்டியது என்று கேட்கத் தோன்றுகிறது.

கோர்ட்டுக்குப் போனவர்கள் கதை

அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி மற்றும் ஆய்வு மையம் கல்நார்த் தொழிலாளர்களுக்காகத் தொடுத்த வழக்கில் 1995 ஜனவரி 27-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டத்தின் 21-ஆம் கூறு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்றது. தொழிலாளியின் மருத்துவப் பதிவேட்டை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்கச் சொன்னது. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனம் சோதித்து நோய் உண்டு என்று சான்று தந்தால் ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது.

நல்ல தீர்ப்பு, இன்றும் மேற்கோள் காட்டப்படுவது. ஆனால் மொத்தமும் ஒரு சான்றிதழின் மேல் நிற்கிறது. தருமபுரியின் நல்லம்பள்ளியிலோ காரிமங்கலத்திலோ இருக்கும் ஒருவர் அந்தச் சான்றை எங்கே போய் வாங்குவார்?

குஜராத்தின் கோத்ரா பக்கம் குவார்ட்ஸ் கல் அரைக்கும் ஆலைகளுக்கு மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர், தார் மாவட்டப் பழங்குடிகள் பிழைக்கப் போனார்கள். நுரையீரலில் கல்லோடு ஊர் திரும்பி, வரிசையாக இறந்தார்கள். இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் தர தேசிய மனித உரிமை ஆணையம் 2010-ல் பரிந்துரைத்தது. குஜராத் அரசு இழுத்தடித்தது. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே வழி பிறந்தது. அந்த 238 பேரும் தாமாகப் பட்டியலில் ஏறவில்லை. ஊர் ஊராக, வீடு வீடாகப் போய் யார் எங்கே எத்தனை மாதம் வேலை பார்த்தார்கள், எப்போது இருமத் தொடங்கினார்கள் என்று அமைப்புகள் குறித்து வைத்ததால்தான் வழக்கு நின்றது. அரசு ஊழியர் செய்திருக்க வேண்டிய வேலையைச் சம்பளமில்லாமல் வேறு யாரோ செய்தார்கள்.

இன்னொரு வழியை ராஜஸ்தான் காட்டியது. 2019 அக்டோபரில் அது கொண்டுவந்த நிமோகோனியோசிஸ் (தூசியால் வரும் நுரையீரல் நோய்) கொள்கைப்படி நோய் உறுதியானதும் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம், இடையே மாத ஓய்வூதியம். முதலாளி யார் என்று தொழிலாளி நிரூபிக்கத் தேவையில்லை. கனிமம் தோண்டுகிறவர்களிடம் வசூலாகும் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி இதற்குக் கைகொடுக்கிறது. கல்லால் வந்த காசு கல்லால் நொந்தவருக்குப் போகிறது. தருமபுரி மாவட்டத்திலும் அப்படியொரு அறக்கட்டளை இருக்கிறது.

ராஜஸ்தானிலும் சான்று தருவதற்கு மருத்துவக் குழு உட்கார வேண்டும். குழு கூடத் தாமதமானால் பணமும் தாமதம்தான்.

எக்ஸ்ரேயைப் படிப்பவர்

ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்ப்போம். காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில் நிழல் காட்டும். சிலிகோசிசும் மேல்பகுதியில்தான் சின்னச் சின்ன உருண்டைகளாகத் தெரியும். கல்நார் நோய் அடிப்பகுதியில் கோடுகளாகப் படரும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கானோர் நிற்கும் வெளிநோயாளி வரிசையில், இருமுகிற ஒல்லியான மனிதரின் மேல்பகுதி நிழலைப் பார்த்ததும் மருத்துவர் மனதில் முதலில் வருவது காசநோய். அதில் தவறு காண்பதற்கில்லை, நாட்டில் அதிகம் இருப்பது அதுதானே. போதாக்குறைக்கு சிலிகா படிந்த நுரையீரலைக் காசநோய்க் கிருமியும் எளிதாகப் பிடிக்கும். ஆறு மாத மாத்திரை முடிந்தும் இருமல் நிற்காதபோது, ‘என்ன வேலை பார்த்தீர்கள், எத்தனை வருடம்?’ என்று யாராவது கேட்டிருக்கிறார்களா என்பதுதான் விஷயம்.

கேட்க ஐந்து நிமிடம் ஆகும். வரிசையில் அந்த ஐந்து நிமிடம் இல்லை.

உறுதிப்படுத்துவது இன்னும் பெரிய வேலை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வகுத்த மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு எக்ஸ்ரேயைத் தரம் பிரிக்கப் பயிற்சி வேண்டும். மூச்சின் திறனை அளக்கும் ஸ்பைரோமீட்டரில் ஊதவைக்கத் தெரிந்த டெக்னீஷியன் வேண்டும். தவறாக ஊதினால் அளவு தவறாக வரும். மீசோதீலியோமா என்றால் சதை எடுத்துச் சோதிக்கும் நோய்க்குறியியல் நிபுணர் வேண்டும். கருவி வாங்க ஒருமுறை நிதி ஒதுக்கித் திறப்பு விழா நடத்திவிடலாம். ஆளுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும், ஓய்வூதியமும் கொடுக்க வேண்டும். அங்கேதான் எந்த நிதித்துறையும் கையைச் சுருக்கிக்கொள்கிறது.

தமிழ்நாடு பொதுச் சுகாதாரத்தில் மற்ற மாநிலங்களுக்கு முன்னோடி. 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்த மாநிலம், மருத்துவத்துறையில் பொதுச் சுகாதாரத்துக்குத் தனி இயக்ககம் வைத்திருக்கும் மாநிலம். தருமபுரியில் 2008-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. ஆனால் ஆள் சேர்க்கும் முறை என்ன? 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுத்த செவிலியர்களுக்குக் கொடுத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கையோடு சேர்ந்தவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத்துறை இயக்ககங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டி வந்தது. பிறகு தொகுப்பூதியம் 14,000, அப்புறம் 18,000 என்று ஏறியது. நிரந்தரக் கோரிக்கை அதன் பிறகும் தெருவுக்கு வந்துகொண்டேதான் இருந்தது. அடுத்த வருடம் இருப்போமா என்று தெரியாத செவிலியர், முப்பது வருடம் காத்திருந்து வரும் நோய்க்குப் பதிவேடு எழுதுவார் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

ஆட்களைக் குறைத்து அரசு மிச்சம் பிடிக்கிறது என்பது பாதி உண்மை. நோயைக் கண்டுபிடிக்க ஆள் இல்லாததால் கண்டுபிடிக்கப்படாத நோய்க்கான இழப்பீடும் மிச்சமாகிறது. யாரும் சதி செய்யவில்லை, ஆனால் கணக்கு அப்படித்தான் முடிகிறது. காசநோய் என்று எழுதினால் ஊட்டச்சத்துக்கு மாதம் 1,000 ரூபாய் உதவியாவது நோயாளிக்கு வருகிறது. ஆஸ்பெஸ்டாசிஸ் என்று எழுதினால் மருத்துவருக்கு நாலு துறைக்குக் கடிதம் எழுதும் வேலைதான் வரும்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் இதே மாவட்டத்தில் உண்டு, கல்நாரோடு சம்பந்தமில்லை என்றாலும். ஃப்ளோரைடு நீர். தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களின் பல்லில் படிந்த பழுப்புக் கறையும் வளைந்த எலும்பும் பல்லாண்டு பேசப்பட்டு, ஜப்பான் நிதியுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013 மே மாதம் திறக்கப்பட்டது. அங்கே ஒவ்வொரு நோயாளியும் தனித்தனியாகச் சான்று வாங்கி வரட்டும் என்று அரசு காத்திருக்கவில்லை. காரணம், சிரித்தால் நோய் தெரிந்தது. நுரையீரலில் இருப்பது அப்படித் தெரியாது.

சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடைப்பட்ட சிட்லிங்கிப் பள்ளத்தாக்கைப் பாருங்கள். ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி 1993-ல் ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். அங்கே அப்போது பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. வெளியிலிருந்து செவிலியர் வரமாட்டார்கள் என்று தெரிந்ததும் ஊர்ப் பழங்குடிப் பெண்களையே தேர்ந்தெடுத்துச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றினார்கள். சிசு மரணம் பல மடங்கு சரிந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் அந்த மாற்றத்தைத் தரவில்லை. வீடு வீடாகப் போய், பெயர் சொல்லி விசாரித்து, எழுதி வைக்கும் ஆள் தந்த மாற்றம் அது. தூசி நோய்க்கு வேண்டியதும் அதே ஆள்தான்.

அரசிடமும் அந்தக் கட்டமைப்பு இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது பழைய தருமபுரி மாவட்டத்தில், இன்றைய கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுபோகும் பெண் தன்னார்வலர், ‘கல் வேலை, கிரஷர், ஷீட் வேலை பார்த்ததுண்டா?’ என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்பதற்குப் புதிய கட்டடம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. அவருக்குத் தருவதை ஊக்கத்தொகை என்று சொல்லாமல் சம்பளம் என்று சொல்லும் அளவுக்கு உயர்த்த வேண்டும், அவ்வளவே.

ராச்டேலிலிருந்து அமகசாகி வரை

இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்து நெல்லி கெர்ஷா பன்னிரண்டு வயதில் கல்நார் நூற்கப் போனவர். 1922-ல் அவருடைய மருத்துவர் ‘கல்நார் நஞ்சு’ என்று எழுதிக் கொடுத்தார். வேலையால் வந்த நோய் என்பதால் தேசியக் காப்பீட்டில் பணம் இல்லை என்றார்கள். அட்டவணையில் அந்த நோய் இல்லை என்பதால் இழப்பீடு இல்லை என்றது டர்னர் பிரதர்ஸ் கம்பெனி. 1924 மார்ச் 14-ல், 33 வயதில், இரண்டு கதவுக்கும் நடுவே நின்று செத்தார். அடக்கச் செலவையும் கம்பெனி மறுத்தது. ஆனால் அவர் நுரையீரலைச் சோதித்த நோய்க்குறியியல் மருத்துவர் வில்லியம் குக் அதை மருத்துவ இதழில் எழுதினார். அந்தக் கட்டுரையும் தொடர்ந்து 1930-ல் வந்த அரசு ஆய்வறிக்கையும்தான் 1931-ல் உலகின் முதல் கல்நார்த் தூசி விதிகளுக்கு வழி திறந்தன. ஒரு டாக்டர் எழுதியதால் சட்டம் அசைந்தது.

அதே பிரிட்டன் இன்று 1979, 2008, 2014-ஆம் ஆண்டுத் திட்டங்கள் மூலம் பணம் தருகிறது. கம்பெனி மூடிப்போயிருந்தாலும், காப்பீட்டு நிறுவனம் எது என்று தெரியாவிட்டாலும் மீசோதீலியோமா நோயாளி வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஜப்பானில் 2005-ல் அமகசாகி நகரத்துக் குபோட்டா ஆலையைச் சுற்றிக் குடியிருந்தவர்களுக்கும் நோய் என்ற செய்தி வெடித்தது. அடுத்த ஆண்டே நிவாரணச் சட்டம் வந்தது. ஆலையில் கால் வைக்காதவருக்கும் உதவி, செலவில் முதலாளிகளுக்கும் அரசுக்கும் பங்கு. பிரான்சும் தென்கொரியாவும் தனி நிதி வைத்திருக்கின்றன.

இலங்கைக்கு நடந்தது வேறு. கல்நாரைப் படிப்படியாக நிறுத்துவதாக அந்நாடு அறிவித்திருந்த நேரத்தில், 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கில் வண்டு கிடந்தது என்று ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. கல்நாரை விற்பதும் ரஷ்யாதான். சில நாட்களில் கொழும்பு கல்நார்க் கட்டுப்பாட்டைக் கைவிட்டது, தேயிலைக்கும் கதவு திறந்தது. மலையகத் தமிழர் பறித்த கொழுந்தே அவர்கள் லயத்துக் கூரைக்குப் பணயமானது.

தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு நல்ல முன்னுதாரணம் கொடைக்கானல். தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசத்தால் பாதிக்கப்பட்டதாகச் சொன்ன 591 முன்னாள் தொழிலாளர்களோடும் குடும்பங்களோடும் ஹிந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் 2016 மார்ச்சில் உடன்பாடு செய்துகொண்டது. ஆலை மூடிப் பதினைந்து ஆண்டு கழித்து. அங்கே ஒரே ஆலை, ஒரே முதலாளி, ஒரு சங்கம், கையில் ஒரு பட்டியல் இருந்தது. தருமபுரியின் கல் தொழிலாளியிடம் இந்த நான்கும் இல்லை.

நிரூபிக்கும் சுமையைத் தொழிலாளியின் தலையிலிருந்து இறக்குவது முடியாத காரியம் அல்ல. கோவிட் காலத்தில் இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று இல்லாவிட்டாலும் 50,000 ரூபாயை மறுக்கக் கூடாது, தொற்று உறுதியாகி 30 நாளுக்குள் இறந்திருந்தால் போதும் என்று 2021-ல் விதி தளர்ந்ததை நாடே பார்த்தது. பத்தாண்டு குவாரி வேலையும் எக்ஸ்ரேயில் தழும்பும் இருந்தால் தூசி நோய் என்றே கருதுவோம், இல்லை என்று சொல்கிறவர் நிரூபிக்கட்டும் என்று ஓர் அரசாணையால் மாற்ற முடியும். மாவட்டத் தலைநகரில் மாதம் ஒருமுறை சான்றளிக்கும் குழு உட்கார ஒரு நெஞ்சக நோய் மருத்துவர், ஒரு கதிரியக்க மருத்துவர், ஒரு டெக்னீஷியன், ஒரு தொழிலாளர் துறை அலுவலர் போதும். கனிம நிதி அந்தச் சம்பளத்தைத் தாங்கும்.

அதுவரை இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அப்பாவோ மாமாவோ கல், கிரஷர், ஷீட் வேலை பார்த்து இப்போது இருமுகிறார் என்றால், ஆஸ்பத்திரியில் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். என்ன வேலை, எந்த ஊர், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். எக்ஸ்ரே படத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். கூட வேலை பார்த்த இரண்டு பேரின் பெயரைக் குறித்து வையுங்கள். நல வாரிய அட்டையைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் தொழிலாளர் துணை ஆணையர் முன்னால் வைக்க உங்களிடம் இருக்கப்போவது இந்த நாலு காகிதங்கள்தான்.